திறப்புக் கோர்வையும் குளிசையும்
வளைகுடாவில் வலிப்பு நோயின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

வளைகுடா நாடுகளில் வலிப்பு நோயாளர்கள் குளிசையை ஒழுங்காக எடுப்பதில்லை என்றும், அவர்கள் ஓதிய தண்ணீரையும் மூலிகைப் பொடியையும் நம்பி மருந்தை விட்டுவிடுகிறார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு. டொக்டர்மார் இதைச் சொல்வார்கள். எம்மவர்களில் முற்போக்கானவர்கள் என்று தங்களைக் கருதுபவர்கள் இன்னும் உரக்கச் சொல்வார்கள். மூடநம்பிக்கை ஒருபுறம், விஞ்ஞானம் மறுபுறம் என்று கோடு கீறிவிட்டால் விவாதம் இலகுவாக முடிந்துவிடும். ஆனால் அந்தப் பிரதேசத்தின் மருத்துவ வரலாற்றையும், அங்கே கூலிக்குப் போன எமது மக்களின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்போது இந்தக் கோடு சரியாக விழவில்லை என்றே எனக்குப் படுகிறது. நூலும் குளிசையும் ஒரே ஆளின் உடம்பில் சண்டையின்றி இருந்திருக்கின்றன. குளிசையை விரட்டியது பெரும்பாலும் வேறொன்று.

முதலில் எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். நடராசர் காலடியில் கிடக்கும் குள்ள உருவத்தை முயலகன் என்கிறோம். வடமொழியில் அவன் பெயர் அபஸ்மாரன். ஞாபகம் போய்விடுதல் என்பது அச்சொல்லின் பொருள். ஆயுர்வேதத்தில் வலிப்பு நோய்க்கும் அதுவே பெயர். தமிழிலும் முயலகன் என்பது ஒரு வலிப்பு நோயின் பெயர்தான். திருச்சிக்குப் பக்கத்தில் இன்று திருவாசி எனப்படும் திருப்பாச்சிலாச்சிராமத்தில், கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் நோய் கண்டது. வேறெதனாலும் தீராததால் தகப்பன் அவளைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான். அங்கு வந்த ஞானசம்பந்தர் பதிகம் பாட நோய் நீங்கியது. இது பெரியபுராணம் சொல்லும் கதை. அற்புதத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது கதையின் ஒழுங்கு. வேறு வழிகளெல்லாம் பார்த்து முடிந்த பிறகுதான் அந்தத் தகப்பன் கோயிலுக்கு வருகிறான். யாழ்ப்பாணத்தில் எங்கள் தாய்மாரும் இப்படித்தான் செய்தார்கள். பரியாரியார் வீடு, பெரியாஸ்பத்திரி, கோயில், பிறகு மீண்டும் பெரியாஸ்பத்திரி. றோட்டில் ஒருவன் இழுப்பு வந்து விழுந்தால் அவன் கையில் திறப்புக் கோர்வையைத் திணிப்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். இழுப்பு அநேகமாக ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே ஓய்ந்துவிடும். புகழ் திறப்புக்குப் போகும்.

அரபு மொழியில் இந்நோய்க்கு 'ஸர்உ' என்று பெயர். அடித்து வீழ்த்துதல் என்று பொருள். யார் வீழ்த்துவது என்பதுதான் கேள்வி. கி.மு. 400 அளவில் கிரேக்கத்தில் ஹிப்போக்கிரட்டிசின் பெயரால் வழங்கும் நூலொன்று, இது தெய்வம் அனுப்பும் நோயல்ல, மூளையில் தொடங்கும் நோய் என்று வாதிட்டது. அந்த மரபு மொழிபெயர்ப்புகள் மூலம் பாக்தாதுக்கு வந்தது. இந்திய மருத்துவமும் அங்கே போய்ச் சேர்ந்தது: கி.பி. 850 அளவில் அலி இப்னு ரப்பான் அத்-தபரி எழுதிய மருத்துவ நூலின் ஒரு பகுதி இந்திய வைத்தியத்தைப் பற்றியது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு ஸீனா தமது பெருநூலில் வலிப்பை மூளையின் நோயாக விரித்து எழுதினார். ஆனால் மறுபக்கமும் அழிந்துவிடவில்லை. 1350இல் காலமான இப்னுல் கையிம் என்ற மார்க்க அறிஞர் வலிப்பு இரண்டு வகை என்றார்: ஒன்று கெட்ட ஆவிகளால் வருவது, மற்றது உடம்பின் கெட்ட திரவங்களால் வருவது. இரண்டாவதை மருத்துவரிடம் விட்டுவிட்டார். ஒன்றை ஏற்க மற்றதை மறுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் வளைகுடாவில் ஒரு சாதாரண குடும்பம் நிற்குமிடம் ஏறக்குறைய இதுதான். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் 'உம்முஸ் ஸிப்யான்' என்ற ஜின் பெண்ணின் வேலை என்று பாட்டி சொல்வாள். தகப்பன் காரை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான். பாட்டியும் கூடப் போவாள்.

இவ்விடத்தில் ஒரு ஹதீஸைக் குறிப்பிட வேண்டும். வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண் நபிகளிடம் வந்து தனக்காகப் பிரார்த்திக்கும்படி கேட்கிறாள். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் குணமாகப் பிரார்த்திக்கிறேன் என்று இரண்டு வழி சொல்லப்படுகிறது. அவள் பொறுமையைத் தெரிந்தெடுக்கிறாள். ஆனால் விழும்போது தன் ஆடை விலகிவிடுகிறது, அது விலகாதிருக்கப் பிரார்த்தியுங்கள் என்று வேண்டுகிறாள். புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இது உண்டு. மருந்தை மறுப்பதற்கு ஆதாரமாக இதைச் சிலர் எடுத்துக்காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். என்னுடைய வாசிப்பு வேறு. நோயைத் தாங்குவேன், நாலுபேர் பார்வையில் அம்பலப்படுவதைத் தாங்கமாட்டேன் என்கிறாள் அந்தப் பெண். பதினான்கு நூற்றாண்டு கழித்து ஒரு வேலைமுகாமில் இதே பேச்சை வேறு வார்த்தையில் கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வளைகுடாவின் நாட்டு வைத்தியத்தில் மூன்று முக்கியமானவை. ஒன்று சூடு வைத்தல். 'கைய்' என்றும் 'வஸ்ம்' என்றும் சொல்வார்கள். கடைசி மருந்து சூடு என்பது அரபுப் பழமொழி. எங்கள் ஊர்களிலும் வலிப்பு வந்த பிள்ளைக்குச் சூடு வைத்த தழும்புகளைக் கண்டவர்கள் இதைப் படித்து ஆச்சரியப்படமாட்டார்கள். இரண்டாவது, குவளை வைத்து இரத்தம் எடுக்கும் 'ஹிஜாமா'. மூன்றாவது கருஞ்சீரகம், மரணத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் மருந்து என்று ஹதீஸில் இடம்பெற்றது. இவற்றில் கருஞ்சீரகத்தை மட்டும் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. 2007இல் ஈரானில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பிள்ளைகளிடம் ஒரு சிறு பரிசோதனை நடந்தது. வழமையான மருந்துகளோடு சேர்த்துக் கருஞ்சீரகச் சாறு கொடுத்தபோது இழுப்பு குறைந்ததாக அது தெரிவித்தது. சிறு பரிசோதனை, முடிந்த முடிவல்ல. கவனிக்க வேண்டியது 'சேர்த்து' என்ற சொல்.

நவீன வைத்தியம் அங்கே வந்தது எண்ணெய்க்கு முன்னர். அமெரிக்க அரேபிய மிஷன் பஹ்ரேனில் ஆஸ்பத்திரி திறந்தது 1903இல். துபாயில் மக்தூம் ஆஸ்பத்திரி 1950களின் தொடக்கத்தில் வந்தது. அல்-ஐன் பாலைவனச் சோலைக்கு 1960இல் பற் கென்னடி, மரியன் கென்னடி என்ற அமெரிக்க டொக்டர் தம்பதியினர் வந்தார்கள். மிஷன் டொக்டர்மார் எழுதிவைத்தவற்றில் நோயாளியின் உடம்பில் பழைய சூட்டுத் தழும்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதைச் சொல்லி அவர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனால் தழும்போடு வந்தவன் டொக்டரிடமும் வந்துவிட்டான் என்பதும் அதே குறிப்புகளில்தான் இருக்கிறது. சூடு அவனைத் தடுக்கவில்லை. பிற்காலத்தில் அரசே மூலிகையைக் கையில் எடுத்தது. அபுதாபியில் ஷேக் சாயித் பெயரில் மூலிகை ஆராய்ச்சிக்கும் மரபு மருத்துவத்துக்குமான நிலையம் 1996இல் நிறுவப்பட்டது.

இனிக் குளிசைக்கு வருவோம். 1857இல் லண்டனில் சார்ள்ஸ் லொக்கொக் என்பவர் புரோமைட் உப்பு வலிப்பைக் குறைப்பதாகச் சொன்னார். 1912இல் ஜெர்மனியின் பிரைபேர்க் நகரில் அல்பிரட் ஹவுப்ற்மான் என்ற இளம் டொக்டர், தூக்கத்துக்கென்று விற்பனைக்கு வந்திருந்த பினோபார்பிற்றோனை வலிப்பு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். இழுப்பு குறைந்தது. இந்த மனிதரைப் பற்றி எம் போன்ற அகதிகள் ஒரு நிமிடம் நிற்கலாம். அவர் யூதர். நாசிகள் 1935இல் அவரைப் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1938இல் டாகவ் முகாமில் அடைத்தார்கள். பிறகு நாட்டைவிட்டுத் தப்பி அமெரிக்கா போய் 1948இல் பொஸ்டனில் இறந்தார். அவர் கண்ட மருந்து இன்றும் உலகின் ஏழை நாடுகளில் வலிப்புக்கு முதல் மருந்தாக இருக்கிறது. காரணம் விலை மிகக் குறைவு. ஒருநாளைக்கு ஒருதடவை போட்டாற் போதும். இரத்தத்தில் அது பாதியாகக் குறைய மூன்று நான்கு நாள் எடுப்பதால் நோன்பு காலத்தில்கூட அதைச் சமாளிக்கலாம்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. பினோபார்பிற்றோனைத் திடீரென நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பும். ஓயாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உயிரையே கொண்டுபோகலாம். குளிசையைத் தவறவிடுவது என்பது தலையிடி மருந்தைத் தவறவிடுவது போலல்ல.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. 1977இன் பின்னர் இலங்கையிலிருந்து மத்திய கிழக்குக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள்; 1985இல் இதற்கென்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டமூலம் அமைக்கப்பட்டது. எங்கள் ஆட்களில் 1983இன் பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஏற வசதியில்லாதவர்களுக்கு வளைகுடா ஒரு வழியாயிற்று. அகதி அந்தஸ்து கேட்க முடியாத அகதித்தனம் அது. போவதற்கு முன் மெடிக்கல். வளைகுடா நாடுகள் ஒன்றுகூடி அங்கீகரித்த நிலையங்களில்தான் அதைச் செய்ய வேண்டும். 'கம்கா' என்று எல்லோரும் சொன்னது இதைத்தான். இரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் எடுப்பார்கள். படிவத்தில் முன்பு வந்த நோய்களைக் கேட்கும் இடத்தில் மனநோய், நரம்பு நோய் என்ற வரிசையில் வலிப்பையும் பெயர் சொல்லிக் கேட்பார்கள். நரம்பு நோய் தகுதியின்மைப் பட்டியலில் இருந்தது.

இங்கேதான் வலிப்பு மற்ற நோய்களிலிருந்து பிரிகிறது. கசத்தைப் படம் காட்டிக்கொடுக்கும். ஈரல் அழற்சியை இரத்தம் காட்டிக்கொடுக்கும். இரண்டு இழுப்புக்கு இடையில் வலிப்பு நோயாளி முழு ஆரோக்கியமான மனிதன். எந்தக் குழாயிலும் அவனுடைய நோய் தெரியாது. அவனைக் காட்டிக்கொடுக்கக்கூடியவை இரண்டு: அவனுடைய வாய், அவனுடைய பையில் இருக்கும் குளிசை. வாயை மூடிக்கொள்ளலாம். குளிசையை என்ன செய்வது?

சட்டம் இதை இன்னும் இறுக்கியது. பினோபார்பிற்றோன் 1971ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அமீரகத்தின் 1995ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டமும், அதன் இடத்துக்கு 2021இல் வந்த சட்டமும் இத்தகைய மருந்துகளைக் கடுமையான கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றன. வலிப்புக்குத் தரப்படும் குளோனசெபாம், டயசெபாம் போன்றவற்றுக்கும் இதே கதிதான். டொக்டரின் கடிதமும் முன் அனுமதியும் இருந்தால் கொண்டுபோகலாம். முன் அனுமதி கேட்பதென்றால் நோயைச் சொல்ல வேண்டும். நோயைச் சொன்னால் வேலை இல்லை. ஊர் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மிக மலிவான குளிசை, கட்டுநாயக்காவில் விமானம் ஏறியதும் கடத்தற்பொருள் ஆகிவிடுகிறது.

நூலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஓதிய தண்ணீருக்கு இல்லை. கருஞ்சீரகம் எந்தச் சமையலறையிலும் இருக்கும். வீட்டு வேலைக்குப் போன பெண்ணிடம் அதை ஏன் வைத்திருக்கிறாய் என்று எஜமானி கேட்கமாட்டாள். இப்படிப் பார்த்தால் ஒரு தொழிலாளி குளிசையை விட்டு மூலிகைக்குப் போவதில் அறியாமை என்று எதைச் சொல்வது? தன் வேலையைக் காப்பாற்றக்கூடிய மருந்தை அவன் தெரிந்தெடுக்கிறான். அது நோயைக் காப்பாற்றாது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கலாம்.

எனினும் நூலைப் பற்றியும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். சவூதியில் அதுவும் பாதுகாப்பில்லை. அங்கே மார்க்கக் காவலர்கள் 2009இல் சூனியத்துக்கெதிரான தனிப்பிரிவொன்றை அமைத்தார்கள். சூனியக் குற்றத்துக்காக 2011இல் மரண தண்டனையே நிறைவேற்றப்பட்டது. வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியின் பெட்டியில் கிடக்கும் தாயத்து, தாய் கட்டிவிட்ட காவல் என்று அங்கே விளங்கிக்கொள்ளப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகக் குளிசையும் ஆகாது, நூலும் ஆகாது. ஒன்றுமே இல்லாமல் இருப்பது ஒன்றுதான் பாதுகாப்பு.

நாட்டு மருந்தை நான் வெள்ளையடிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். 1992இல் பம்பாயிலிருந்து வெளியான ஆய்வொன்று சங்கபுஷ்பி என்ற ஆயுர்வேத மருந்தைப் பற்றியது. பெனிற்றோயின் குளிசையால் கட்டுப்பட்டிருந்த இரு நோயாளர்களுக்கு, இந்த மருந்தையும் சேர்த்து எடுத்ததும் இழுப்பு திரும்பியது. எலிகளில் சோதித்தபோது, இரத்தத்தில் பெனிற்றோயினின் அளவை அது குறைப்பது தெரிந்தது. அவர்கள் குளிசையை விடவில்லை, ஒழுங்காகத்தான் எடுத்தார்கள், ஆனால் பலன் போய்விட்டது. நாட்டு மருந்து எடுப்பதை டொக்டரிடம் சொல்ல முடியாத சூழலில் இதை யார் கண்டுபிடிப்பது? இன்னொன்று இதைவிடப் பயங்கரம். ரிஷிகேஷிலிருந்து தூய ஆயுர்வேதம் என்று விளம்பரம் செய்து இந்தியா முழுவதும் விற்கப்பட்ட வலிப்பு மருந்தில் பினோபார்பிற்றோன் கலந்திருப்பது 2000களின் தொடக்கத்தில் ஆய்வுகூடச் சோதனைகளில் வெளிவந்தது. நோயாளி ஆங்கில மருந்தை விட்டு மூலிகைக்கு மாறிக் குணமடைந்ததாக நம்புவான். உண்மையில் அவன் பழைய குளிசையைத்தான், அளவு தெரியாமல், அதிக விலை கொடுத்துத் தின்றுகொண்டிருப்பான். அப்படியான பொட்டலமொன்றை ஊரிலிருந்து வந்த பச்சிலை மருந்தென்று நம்பித் துபாய் விமான நிலையத்தில் ஒருவன் இறங்கினால் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

1980களின் நடுப்பகுதியில் நான் அபுதாபிப் பக்கத்தில் ஒரு கட்டட வேலைமுகாமில் இரண்டு வருடம் இருந்தேன். ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். மன்னார்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன் என் கட்டிலுக்கு மேற்கட்டிலில் படுத்தான். தினமும் இரவில் விற்றமின் போத்தலைத் திறந்து ஒரு வெள்ளைக் குளிசை போடுவான். கழுத்தில் சுருவமும் கயிறும் இருக்கும். ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. சில மாதம் கழித்துப் போத்தலில் இருப்பது குறைய, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறான். லீவில் ஊருக்குப் போய் வந்தவர்களிடம் கொண்டுவரச் சொல்லிக் கேட்டான். உறையில்லாத குளிசையை யார் கொண்டுவருவார்கள்? இரட்டை ஷிஃப்ட் நடந்த கிழமை அது, ஒருவருக்கும் சரியான நித்திரை இல்லை. விடியப்புறம் கட்டிலிலிருந்து விழுந்தான். நாங்கள் திறப்புக் கோர்வையைக் கையில் வைத்தோம். அடுத்த அறைப் பட்டாணிக் கிழவர் வந்து ஓதி முகத்தில் ஊதினார். மலையாளி ஒருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். முகாமில் நேர்ஸ் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர், கூப்பிடப் புறப்பட்டேன். என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அண்ணை, அவர் எழுதிப்போடுவார்" என்றான். நோயைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுதப்படுவதைத்தான் பயந்தான். அந்த ஹதீஸைப் பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு இவன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

அன்று அந்த அறையில் மூன்று நாட்டு வைத்தியம் நடந்தது. அவற்றில் ஒன்றாவது அவனைக் குளிசையிலிருந்து பிரித்ததா என்று கேட்டால், இல்லை என்பேன். குளிசை ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது.

வளைகுடா நோயாளரைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றைப் பின்னர் தேடிப் படித்திருக்கிறேன். ஜின்னை நம்புகிறீர்களா, ஓதிப் பார்த்தீர்களா, குளிசையை எத்தனை தடவை தவறவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அவை தேவையான கேள்விகள்தான். சவூதியின் துக்பா என்ற ஊரில் வீடு வீடாக நடந்து, ஆயிரம் பேருக்கு 6.54 பேர் வலிப்போடு வாழ்வதாக 2001இல் எழுதியவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது, உங்கள் குளிசை உங்கள் முதலாளிக்குத் தெரியுமா என்ற கேள்விகளை நான் படித்தவற்றில் காணவில்லை. வலிப்பு நோயாளரில் 70 வீதம் வரையானோர் சரியான மருந்தால் இழுப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படிக் கட்டுப்பட்ட ஒருவன் சாந்து குழைப்பதற்கோ சமைப்பதற்கோ ஏன் தகுதியற்றவன் என்பதை எந்தப் படிவமும் விளக்கவில்லை. உயரத்தில் சாரம் ஏறுவது வேறு விஷயம்; அதற்கு விதி வேண்டும்தான். இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999இல் அதை நீக்கினார்கள். ஆகச் சட்டத்தில் எழுதியதை அழிக்க முடியாது என்பதில்லை. ஆட்களை அனுப்பி அந்நியச் செலாவணி எண்ணும் அரசுகள் இதைக் கேட்டுப் பேசியிருக்கலாம்.

எங்களையும் விட்டுவிட முடியாது. இங்கே அகதி வழக்கும் வைத்தியமும் முதலாளியின் கையில் இல்லை. குளிசைக்குப் பணமும் பெரிய பிரச்சினை இல்லை. இருந்தும் டொக்டரிடம் மொழிபெயர்க்க வருபவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தால் மகளின் வலிப்பைச் சொல்லாமல் வீடு திரும்பும் தாய்மாரை நான் அறிவேன். கலியாணப் பேச்சு என்பது எங்களுடைய கம்கா.

மன்னார்ப் பொடியனின் அடுத்த இழுப்பு முகாமில் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைக்குப் போன பஸ்சில், கம்பனி ஆட்கள் பார்த்திருக்க வந்தது. பத்து நாளுக்குள் ரிக்கற் போட்டுவிட்டார்கள். ஏஜென்சிக்குக் கட்டிய கடனில் பாதிகூட அடைபட்டிருக்கவில்லை. இந்தப் பத்து நாளில் யாரோ எங்கோ தேடி அவனுக்குக் கொஞ்சக் குளிசை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அவன் போன பிறகு கட்டிலைக் கூட்டும்போது விற்றமின் போத்தல் மெத்தைக்கடியில் இருந்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. எயார்போட்டில் பையைத் திறப்பார்கள் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.